மண்ணுக்கேற்ற மெட்டல் டிடெக்டரைத் தேர்ந்தெடுத்தல்

மெட்டல் டிடெக்டரின் காயிலுக்கும் தேடப்படும் பொருளுக்கும் நடுவே எப்போதும் மண் இருக்கிறது. கருவி அனுப்பும் காந்தப்புலம் முதலில் தொடுவது மண்ணைத்தான். திரும்பி வரும் சிக்னலிலும் பல நிலங்களில் மண்ணின் பங்கே பெரியது. மோதிரமோ நாணயமோ தரும் சிக்னல் அதற்குள் புதைந்து கிடக்கும் சிறு மாற்றம் மட்டுமே. ஒரே கருவி தஞ்சாவூர் வண்டலில் ஒரு சாண் ஆழத்து நாணயத்தைத் தெளிவாகக் காட்டிவிட்டு, சேலம் கஞ்சமலை அடிவாரத்தில் நான்கு விரற்கடை ஆழத்திலேயே திணறுவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கருவி பெரும்பாலும் சிறு தேவைகளுக்கே பயன்படுகிறது: களையெடுக்கும்போது வயலில் தவறிய மோதிரம், கடற்கரையில் நழுவிய கொலுசு, ரொட்டவேட்டர் ஓட்டுவதற்கு முன் பொறுக்க வேண்டிய ஆணியும் கம்பியும், மண்மூடிப் போன பைப்லைன் வால்வு. எதற்காக வாங்கினாலும், விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் தேடப்போகும் நிலத்தைப் பற்றி மூன்று விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மண் காந்தத்தில் எவ்வளவு ஒட்டுகிறது, அதில் உப்பு எவ்வளவு, இரும்புக் குப்பை எவ்வளவு என்பவை அவை. எந்தக் கருவி என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்றே முடிவு செய்துவிடும்.

கருவி வேலை செய்யும் விதம்

தொடக்கநிலைக் கருவிகளில் ஏறத்தாழ எல்லாமே வி.எல்.எஃப். எனப்படும் தாழ் அதிர்வெண் வகையைச் சேர்ந்தவை. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத்தைத் தொட்டதும் அதனுள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த ஓட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் வாங்கிய அலைக்கும் இடையிலுள்ள கால விலகலை அளந்து, இரும்பா, ஈயத்தாளா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. திரையில் தெரியும் டார்கெட் ஐடி எண் இந்த ஊகத்தின் சுருக்கம்தான்.

ஆழம் கூடக்கூட சிக்னல் மிக வேகமாகத் தேய்கிறது. காயிலின் அளவோடு ஒப்பிடும்போது ஆழத்தில் இருக்கும் சிறு பொருள் அதைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குப் போனால், அதன் சிக்னல் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மேல்மண்ணோ காயிலை ஒட்டியே கிடக்கிறது. அதனால் பொருள் ஆழத்தில் இருந்தால், மண்ணின் சிக்னலை ஒதுக்கும் திறன்தான் கருவியின் உண்மையான ஆழத்தைத் தீர்மானிக்கிறது. விளம்பரங்களில் சொல்லப்படும் ஆழம் பெரும்பாலும் காற்றிலோ, காந்தத் தன்மை குறைந்த மண்ணிலோ அளந்ததாகவே இருக்கும்.

மண் ஏன் சிக்னல் தருகிறது

முதல் காரணம் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதுக்கள். இவற்றில் மேக்னடைட், மேக்ஹமைட் இரண்டும் முக்கியமானவை. மேக்னடைட் பாறையிலிருந்து வரும் கரிய தாது. மேக்ஹமைட் வெப்ப மண்டலத்தில் பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது உருவாகிறது. நெருப்பு பட்ட மேல்மண்ணிலும் உண்டாகிறது. செங்கல் சூளை இருந்த இடம், குப்பை எரித்த மூலை, ஓட்டாஞ்சில்லு நிறைந்த பழைய மேடு ஆகியவற்றில் மண் கூடுதலாக ஒலி எழுப்புவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் இதே தாதுக்களின் மிக நுண்ணிய துகள்கள். காந்தப்புலம் நின்ற பிறகும் இவை சற்றுத் தாமதித்தே பழைய நிலைக்குத் திரும்பும். இந்தத் தாமதம் உலோகத்தின் சிக்னலை ஒத்திருப்பதால் கருவி ஏமாந்துபோகும். ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் சாதாரணக் கருவிகள் செயலற்றுப் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1985இல் அடிலெய்டில் தொடங்கப்பட்ட மைன்லேப் நிறுவனம் பெயர் பெற்றது அத்தகைய நிலத்துக்கான கருவிகளால்தான்.

மூன்றாவது காரணம் உப்பு. உப்பு கரைந்த ஈர மண் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அந்த நீர் ஊறிய மணல், கருவியின் பார்வையில் மெல்லிய உலோகத் தகடு விரித்ததற்குச் சமம். அதே மணல் உலர்ந்துவிட்டால் கடத்தும் தன்மை பெரிதும் குறைந்து, தொல்லையும் அடங்கிவிடும். அதிர்வெண் கூடினால் உப்பின் சிக்னலும் கூடும். மேக்னடைட்டின் சிக்னல் அப்படிப் பெரிதாக மாறுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே பல அதிர்வெண் கருவிகள் இரண்டையும் பிரித்தறிகின்றன.

நிறத்தை நம்பாமல் சோதித்தல்

செம்மண் என்றதும் இரும்பு அதிகம், ஆகவே கருவி ஓடாது என்று முடிவுகட்டுவது தவறு. மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது ஹெமடைட், மஞ்சள் தருவது கோதைட். இரண்டும் மேக்னடைட்டோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு வலுக்குறைந்த காந்தத் தன்மை கொண்டவை. நல்ல சிவப்பான தோட்டத்து மண் கருவிக்குச் சாதுவாக இருப்பதும், வெளிறிய சரளை நிலம் ஓயாமல் கத்தவைப்பதும் உண்டு.

மண்வள அட்டையில் உள்ள இரும்பின் அளவும் இதற்கு உதவாது. அது பயிர் உறிஞ்சக்கூடிய இரும்பின் அளவு. மண்ணின் காந்தத் தன்மையை அது காட்டாது. அதே அட்டையில் உள்ள மின்கடத்தும் திறன் என்ற எண் மிகவும் பயனுள்ளது. மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்புத் தொல்லை பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது. அதற்கு மேல் போகப்போக, மழைக்காலத்தில் கருவி தடுமாறும் என்று எதிர்பார்க்கலாம்.

காந்தத் தன்மையை வீட்டிலேயே சோதிக்க முடியும். நிலத்தில் ஐந்தாறு இடங்களில் மேல்மண்ணையும் ஒரு சாண் ஆழத்து மண்ணையும் தனித்தனியாக எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்துப் பொடியாக்க வேண்டும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, தாளில் பரப்பிய மண்ணின் மேல் மெதுவாக இழுக்க வேண்டும். நான்கைந்து துகள் மட்டும் ஒட்டினால் மண் சாதுவானது. மெல்லிய படலமாக ஒட்டினால் நடுத்தரம். காந்தத்தின் விளிம்பில் தாடிபோல் தொங்கினால் கடுமையான மண். பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்துவிட்டால் ஒட்டியவை உதிரும். அவற்றில் ஆணித்துரு, வெல்டிங் பொறி போன்றவை இருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நிலத்தில் கிடக்கும் சரளைக் கற்களையும் ஓட்டாஞ்சில்லுகளையும் இதேபோல் ஒவ்வொன்றாகச் சோதிப்பது நல்லது. காந்தம் இழுக்கும் ஒற்றைக் கல், சாதுவான மண்ணின் நடுவே கிடந்து பொய்யான ஒலி தரும்.

தமிழ்நாட்டு நிலங்கள்

மாநிலத்தின் பெரும்பகுதி செம்மண். கிரானைட், நைஸ் பாறைகள் சிதைந்து உருவான இந்த மண் சாதுவிலிருந்து நடுத்தரம் வரை இருக்கும். பாறைக்கு அருகே ஆழம் குறைந்த சரளைச் செம்மண்ணில் மேக்னடைட் மணிகள் கூடுதலாகத் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேட்டுப் பகுதி அமைதியாகவும், மழைநீர் கரிய மணலைக் கொண்டுவந்து சேர்த்த வாய்க்கால் ஓரம் தொல்லையாகவும் இருக்கலாம். நடக்கநடக்க மண்ணின் தன்மை மாறுவதுதான் செம்மண் நிலத்தின் இயல்பு.

கரிசல் மண் நிறத்தில் அச்சுறுத்தினாலும் பல இடங்களில் எதிர்பார்த்த அளவு தொல்லை தருவதில்லை. மகாராஷ்டிரத்தின் கரிசல், மேக்னடைட் செறிந்த பசால்ட் பாறையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பசால்ட் பரப்பு இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மிகுந்து கிடக்கும் சுக்கான் கல் காந்தத்தில் ஒட்டாதது. அங்கே தொல்லை வேறு வகையானது. கோடையில் நிலம் வெடித்துப் பாளம்பாளமாகப் பிளக்கும். சிறு பொருட்கள் வெடிப்புக்குள் விழுந்து கைக்கெட்டாத ஆழத்துக்குப் போய்விடும். வெடிப்பின் மேல் காயிலை வீசும்போது மண்ணின் சிக்னல் ஏறி இறங்குவதால் பொய் ஒலியும் எழும். முதல் மழைக்குப் பின் வெடிப்பு மூடி, மண் காலில் ஒட்டாத பதத்தில் இருக்கும் நாட்களே கரிசலில் தேட ஏற்றவை.

காவிரிப் படுகையின் வண்டல் புதிதாகப் பழகுகிறவருக்கு மிக எளிய நிலம். ஆற்று மணலில் அங்கங்கே கரிய தாது கோடுகோடாகப் படிந்திருக்கும். மற்றபடி எந்தக் கருவியும் அங்கே ஓடும். படுகையின் கடைமடையில், வேதாரண்யம் பக்கம் நெருங்க நெருங்க, உப்பு தலைகாட்டத் தொடங்கும்.

செம்புராங்கல் நிலம் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களிலும் தஞ்சாவூரை அடுத்த வல்லம் மேட்டிலும் உண்டு; நீலகிரி மலை மண்ணும் இந்த இனத்தைச் சேர்ந்தது. மேக்ஹமைட் உருவாக ஏற்ற சூழல் இங்கே இருப்பதால் காந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். உருண்டை உருண்டையான சரளைக் கற்களே இங்கே பொய் ஒலிக்குக் காரணம்.

கடுமையான நிலத்துக்குச் சேலம் கஞ்சமலையும் திருவண்ணாமலை கவுத்திமலையும் எடுத்துக்காட்டுகள். இரண்டும் மேக்னடைட் இரும்புத் தாது உள்ள மலைகள்; அவற்றின் அடிவார நிலங்களில் தாதுக் கல் சிதறிக் கிடக்கும். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய ஊர்களில் உலைக் கசடான கிட்டக்கல் நிலமெங்கும் கிடக்கும். அது சில சமயம் உலோகம்போலவே ஒலிக்கும்.

கடற்கரையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். உலர்ந்த மேட்டு மணல் எளிது. அலை நனைக்கும் மணலில் உப்பு தொல்லை தரும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இல்மனைட், கார்னெட், மோனசைட் முதலிய கனிமங்கள் செறிந்த கருமணல் உண்டு. உப்போடு இந்தத் தாதுக்களும் சேரும்போது ஒற்றை அதிர்வெண் கருவிகள் கைவிரித்துவிடும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பு, மணியைச் சுற்றிப் படிந்த ஹெமடைட் தருவது. அதனால் நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காற்று அரித்து ஒதுக்கிய கரிய தாதுக் கோடுகளைக் கவனிக்க வேண்டும்.

உவர் நிலமும் உப்பள ஓரமும் கோடையில் வெள்ளைப் பூத்துக் காய்ந்து கிடக்கும்போது தேட இடம் தரும். மழை பெய்ததும் அதே நிலம் ஈரக் கடற்கரைபோல் ஆகிவிடும். வேதாரண்யம், தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரங்களில் தேடுகிறவர் கருவியைப் போலவே பருவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவியில் பார்க்க வேண்டியவை

கிரவுண்ட் பேலன்ஸ்: மண்ணின் சிக்னலைக் கருவிக்குப் பழக்கி ஒதுக்கவைக்கும் வசதி இது. மலிவான கருவிகளில் தொழிற்சாலையிலேயே ஒரு நடுத்தர மண்ணுக்கு நிலையாக வைத்துவிடுவார்கள். அது பொருந்தும் மண்ணில் தொல்லையில்லை; பொருந்தாத மண்ணில் சரிசெய்ய வழியுமில்லை. அடுத்த நிலைக் கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு காயிலை ஒரு முழ உயரத்திலிருந்து நிலத்தை ஒட்டும்வரை பல முறை ஏற்றி இறக்கினால், கருவியே மண்ணை அளந்து சரிசெய்துகொள்ளும். கையால் நுணுக்கமாகத் திருத்தும் வசதியும், நடக்கும்போது தானாகவே மண்ணைத் தொடரும் வசதியும் சிலவற்றில் கூடுதலாக இருக்கும். காந்தச் சோதனையில் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் வந்த நிலத்துக்கு, பயனர் சரிசெய்யக்கூடிய கிரவுண்ட் பேலன்ஸ் இல்லாத ஒற்றை அதிர்வெண் கருவியை வாங்கவே கூடாது.

அதிர்வெண்: 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலை வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகளுக்கும் சற்றுப் பெரிய பொருட்களுக்கும் ஏற்றது. 15 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள அலை மூக்குத்தி, தாலிக் குண்டு போன்ற சிறு தங்கப் பொருட்களை நன்றாகக் காட்டும். ஆனால் மண் கடுமையாகவோ உப்பாகவோ இருந்தால் உயர்ந்த அதிர்வெண்ணில் இரைச்சலும் கூடும். பொதுப் பயனுக்கு 10 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் நல்ல சமரசம். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் மல்டி ஃப்ரீக்வென்சி கருவி உப்பையும் தாதுவையும் ஒப்பிட்டுக் கழித்துவிடும். ஈரக் கடற்கரைக்கு இதுவே சரி. இதிலும் ஒரு குறை உண்டு. மெல்லிய சங்கிலி தரும் சிக்னல் உப்பின் சிக்னலை ஒத்திருக்கும். உப்பைக் கழிக்கும்போது சங்கிலியும் சேர்ந்து மறையலாம்.

காயில்: வட்டத்துக்குள் வட்டமாக அமைந்த கான்சென்ட்ரிக் காயில் சாதுவான மண்ணில் பொருள் இருக்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும். இரண்டு டி எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டியதுபோன்ற டி.டி. காயில் நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பரப்பையே பார்ப்பதால் மண்ணின் பங்கு குறைகிறது. நடுத்தர, கடுமையான மண்ணுக்கு டி.டி. காயிலே ஏற்றது. பெரிய காயில் அதிக ஆழம் தரும் என்ற நம்பிக்கை சாதுவான மண்ணுக்கு மட்டுமே பொருந்தும். கடுமையான மண்ணிலும் ஆணி நிறைந்த இடத்திலும் 5, 6 அங்குலச் சிறு காயில்தான் கூடுதலாகக் கண்டுபிடிக்கும். அது பார்க்கும் மண் குறைவு, குப்பையும் குறைவு. காயிலை மாற்றிப் பொருத்தும் வசதியும், அந்த மாடலுக்குச் சிறு காயில் தனியாகக் கிடைக்கிறதா என்பதும் விசாரிக்கத் தக்கவை.

சென்சிட்டிவிட்டி: மெல்லிய சிக்னலையும் உணரும் கூர்மை இது. இதைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி ஏறத்தாழ எல்லாக் கருவியிலும் உண்டு, படிகள் எத்தனை என்பதில்தான் வேறுபாடு. கடுமையான மண்ணில் முழு அளவில் வைத்தால் இரைச்சலில் பொருள் மறையும். இரண்டு படி குறைத்து அமைதியாக ஓடவிட்டால் உண்மையான ஆழம் கூடும்.

மின் இரைச்சல்: பம்ப்செட் மோட்டார், உயரழுத்த மின்கம்பி, மின்வேலி ஆகியவற்றின் அருகே கருவி தானாகக் கத்தும். தோட்டத்தில் தேடுகிறவருக்கு அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தும் வசதி இன்றியமையாதது. காயிலை அசைக்காமல் பிடித்தும் ஒலி நிற்கவில்லை என்றால் தொல்லை மின்சாரத்திலிருந்து வருகிறது. அசைக்கும்போது மட்டும் வந்தால் மண்ணிலிருந்து வருகிறது.

நீர் புகாமை: பெரும்பாலான கருவிகளில் காயிலை நீரில் நனைக்கலாம், மேலே உள்ள மின்னணுப் பெட்டியை நனைக்கக் கூடாது. கடற்கரைக்கும் அடைமழைக் காலத்துக்கும் முழுக் கருவியும் நீர் புகாததாக இருப்பது நல்லது.

மண்ணும் மாடலும்

சாதுவான வண்டலுக்கும் செம்மண்ணுக்கும் நிலையான கிரவுண்ட் பேலன்ஸ் உள்ள எளிய கருவி போதும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த காரெட் நிறுவனத்தின் ஏஸ் 300 இந்த வகை. 8 கிலோஹெர்ட்ஸில் ஓடும், காயில் கான்சென்ட்ரிக். அதே வரிசையின் ஏஸ் 400, 10 கிலோஹெர்ட்ஸும் டி.டி. காயிலும் கொண்டது. இரண்டிலும் கிரவுண்ட் பேலன்ஸைப் பயனர் மாற்ற முடியாது.

நடந்துகொண்டிருக்கும்போதே தன்மை மாறும் சரளைச் செம்மண், செம்புராங்கல் நிலம் ஆகியவற்றுக்குப் பயனர் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் வேண்டும். துருக்கியின் நோக்டா நிறுவனம் தயாரித்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் இந்த வசதியைத் தொடக்கநிலைக்கு இறக்கிக் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று. 12 கிலோஹெர்ட்ஸ், 11 அங்குல டி.டி. காயில், 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாத உடல் ஆகியவை அதில் உண்டு. ஒற்றை அதிர்வெண் என்பதால் ஈரக் கடல் மணலில் அதன் திறன் மட்டுப்படும்.

கடற்கரையும் உவர் நிலமும் முதன்மையாக இருந்தால் மல்டி ஃப்ரீக்வென்சிதான் வழி. மைன்லேப் வான்குவிஷ் 440, 540 மாடல்கள் இதைக் குறைந்த விலையில் தருகின்றன. அவற்றில் கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் மாற்ற வசதி இல்லை. பல அதிர்வெண் ஒப்பீட்டையே கருவி நம்புகிறது. சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், பல அதிர்வெண்ணும் பயனர் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸும் சேர்ந்துள்ள மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் போன்றவை கருமணல் கடற்கரையிலும் கைகொடுக்கும்.

மேக்னடைட் மலையடிவாரம் போன்ற கடுமையான நிலத்தில் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவிகளே ஆழம் தரும். காந்தத் துடிப்பை அனுப்பி, அதை நிறுத்திய சில மைக்ரோவிநாடிகளுக்குப் பிறகு கேட்பதால், மேக்னடைட்டின் சிக்னலும் உப்பின் சிக்னலும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இரும்பையும் மற்ற உலோகத்தையும் இவை சரிவரப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு ஆணியையும் தோண்ட நேரும். விலையும் அதிகம். இவை முதல் கருவிக்கு உரியவை அல்ல. அத்தகைய நிலத்தில் பழகத் தொடங்குகிறவர் டி.டி. வகைச் சிறு காயிலும் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸும் உள்ள வி.எல்.எஃப். கருவியை வைத்துக்கொண்டு, ஆழம் குறைவாகவே கிடைக்கும் என்று ஏற்றுக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

தேடும் பொருளும் கணக்கில் வரும்

அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகளில் 'காயின்' என்று ஒரு முறை இருக்கும். அது இரும்பை ஒதுக்கி, செம்பு, வெள்ளி நாணயங்களுக்கு மட்டும் ஒலிக்கும். இந்தியாவில் அது பொருந்தாது. 1992 முதல் வெளிவரும் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. கருவி அதை இரும்புக் குப்பையோடு சேர்த்து ஒதுக்கிவிடும். நாணயம் தேடினால் இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை அணைத்துவிட வேண்டும்.

தங்க நகையின் டார்கெட் ஐடி எண்ணும் பான்பராக் உறையின் ஈயத்தாள் எண்ணும் ஒன்றோடொன்று மோதும். ஈயத்தாளை முழுவதும் ஒதுக்கினால் மெல்லிய மோதிரமும் போய்விடும். கடுமையான மண்ணில் ஆழத்தில் கிடக்கும் தங்கம் இரும்பின் எண்ணாகவே தெரிவதும் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தோண்டுவதைத் தவிர்த்து, இரு திசையிலும் காயிலை வீசி, இரு முறையும் ஒரே இடத்தில் ஒலிக்கும் சிக்னல்களைத் தோண்டிப் பார்ப்பதே சரியான முறை. ஹெட்போன் இருந்தால் மெல்லிய ஒலியும் கேட்கும்.

வாங்கும் முன் சோதனை

கடையின் மேசையில் நாணயத்தைக் காட்டிச் சோதிப்பது கருவி பழுதில்லை என்பதற்கு மட்டுமே சான்று. முடிந்தால் கருவியை வாங்குகிறவரின் நிலத்துக்கே கொண்டுவந்து பார்க்க வேண்டும். குழி தோண்டி நாணயத்தைப் புதைத்து மூடினால், கிளறிய மண் சிக்னலை மாற்றிவிடும். அதற்குப் பதிலாக நிலத்தில் சாய்வாக ஒரு துளையிட்டு, பி.வி.சி. குழாயைச் செருகி, ஒரு குச்சியின் முனையில் மோதிரத்தைக் கட்டி உள்ளே தள்ளலாம். மேலே கிளறப்படாத மண் அப்படியே இருக்கும். குச்சியை இழுத்தும் தள்ளியும் பல ஆழங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் உலோகமில்லாத இடத்தில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய வேண்டும். கருவி மண்ணின் எண்ணைத் திரையில் காட்டினால் அதைக் குறித்துக்கொள்வது நல்லது. 0 முதல் 99 வரை காட்டும் பல கருவிகளில் உப்பு ஈரம் கீழ்முனையிலும் மேக்னடைட் மேல்முனைப் பக்கமும் நிற்கும். நிலத்தின் நான்கு மூலைகளிலும் எண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எளிய கருவி போதும். மூலைக்கு மூலை பெரிதும் மாறினால் தானாகத் தொடரும் கிரவுண்ட் பேலன்ஸ் தேவை. ஒரு சாண் ஆழத்தில் மோதிரம் ஒவ்வொரு வீச்சிலும் ஒலித்தால் கருவி அந்த மண்ணுக்குப் பொருந்தும். நான்கு விரற்கடையிலேயே விட்டுவிட்டு ஒலித்தால் சென்சிட்டிவிட்டியைக் குறைத்து மறுபடி பார்த்து, அப்போதும் தேறாவிட்டால் வேறு கருவியை நாட வேண்டும்.

வாங்கக் கூடாதவை

பல மீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தின் திசையைக் காட்டும் என்று விற்கப்படும் ஆன்டெனாக் கருவிகள் எந்த அறிவியல் விதிப்படியும் இயங்குபவை அல்ல. இந்த இனத்தைச் சேர்ந்த ஏ.டி.இ. 651 என்ற போலிக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் சாதனம் என்று ஈராக்குக்கு விற்ற பிரிட்டிஷ் வியாபாரி ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறை விதித்தது. மோதிரம் அளவுள்ள பொருளை ஒரு மீட்டருக்குக் கீழே காட்டும் என்று கூறும் எந்தக் கருவியையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

சட்டம்

தன் நிலத்தில் தவறவிட்ட தன் நகையைத் தேடுவது ஒன்று. பழம்பொருள் தேடுவது வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கின்றன. முதுமக்கள் தாழி, ஓட்டாஞ்சில்லு, கிட்டக்கல் தென்படும் மேடுகளில் கருவியை இறக்காமல் தொல்லியல் துறைக்குத் தகவல் தருவதே முறை. இலங்கையிலும் தொல்பொருளுக்காகத் தோண்ட உரிமம் தேவை. அங்கே வடக்கிலும் கிழக்கிலும் கண்ணிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் உள்ளதால், அனுமதிக்கப்படாத நிலத்தில் கால்வைப்பதே ஆபத்து. பொழுதுபோக்குக் கருவி கண்ணிவெடிக்குப் பாதுகாப்பு தராது.

தேர்வின் சுருக்கம்

காந்தத்தில் ஒட்டாத, உப்பில்லாத மண்ணுக்கு எளிய ஒற்றை அதிர்வெண் கருவி போதும். காந்தத்தில் ஒட்டும் மண்ணுக்கு, சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸும் டி.டி. காயிலும் வேண்டும். உப்பு ஈரத்துக்கு மல்டி ஃப்ரீக்வென்சி வேண்டும். இரும்புக் குப்பை மிகுந்த இடத்துக்குச் சிறு காயில் வேண்டும். ஒரே கருவிதான் வாங்க முடியும், நிலம் பலவகை என்றால், சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் உள்ள மல்டி ஃப்ரீக்வென்சி கருவியே பணத்துக்கு ஈடானது.